அணைவதற்காக ஒளிர்பவை



ஆரத்தித் தட்டிலிருந்து தொடங்குகிறேன். தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சள்பொடியைக் கரைக்கிறோம். விரல்நுனியில் கொஞ்சம் சுண்ணாம்பு எடுத்துக் கலக்குகிறோம். மஞ்சள் நீர் கண்ணெதிரே செக்கச்செவேலென்று மாறுகிறது. நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் இந்தக் காரியத்துக்கு வேதியியலில் ஒரு பெயர் உண்டு: உணரி. மஞ்சளில் உள்ள குர்குமின் மூலக்கூறு காரத்தைச் சந்தித்ததும் ஒரு புரோட்டானை இழக்கிறது. அதனால் அது விழுங்கும் ஒளி மாறுகிறது. விழுங்காமல் விட்ட ஒளி நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. அமிலத்தில் போரிக் அமிலத்தோடு சேர்ந்தாலும் குர்குமின் சிவக்கும். போரான் இருக்கிறதா என்று பார்க்க மஞ்சள் தோய்த்த தாளைத்தான் அந்நாளைய ஆய்வகங்கள் நம்பியிருந்தன.

இப்போது சுண்ணாம்பைக் குறைத்துக்கொண்டே போங்கள். பாதி, அதில் பாதி, அதிலும் பாதி. ஒரு கட்டத்துக்குப் பின் நீர் சிவந்ததா இல்லையா என்று இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள். நிறம் என்பது பெரும் வெளிச்சத்தில் விழும் ஒரு சிறு குறைவு. குறைவு மிகச் சிறிதானால் பெரும் வெளிச்சத்தில் அது கரைந்துவிடும். ஆயிரம் விளக்கு எரியும் மண்டபத்தில் ஓர் அகல் கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. அமாவாசை இரவில் வயல்வரப்பில் ஒற்றை மின்மினி போதும், குழந்தைகூடக் கை நீட்டிக் காட்டும்.

அந்த மின்மினியைப் போன்றதுதான் உடனொளிர்வு. புற ஊதா ஒளியைப் பாய்ச்சுகிறோம். அதை ஒரு வடிகட்டியால் மறைத்துவிடுகிறோம். மூலக்கூறு தானாகத் திருப்பித் தரும் ஒளி மட்டும் இருட்டின் முன் தெரிகிறது. 1852-இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் இதைச் செய்துகாட்டினார். கருநீலக் கண்ணாடி வழியே வந்த சூரிய ஒளியைக் குவினைன் கரைசலில் விழச்செய்து, வெள்ளை வைன் நிரம்பிய கோப்பையையே வடிகட்டியாகக் கண்முன் பிடித்தார். கண்ணாடி வழியே வந்த ஒளியைக் கோப்பை தடுத்துவிட, கரைசல் தானாக வீசிய ஒளி மட்டும் வந்து சேர்ந்தது. ஃப்ளோர்ஸ்பார் என்ற கனிமத்தின் பெயரிலிருந்து இந்த நிகழ்வுக்கு ஆங்கிலப் பெயரைச் சூட்டியவரும் அவரே. கரிமப் பொருள்களைக் கண்டறிய இதைப் பயன்படுத்தலாம் என்று 1864-இல் அவர் வேதியியலர் முன்னிலையில் பேசியிருக்கிறார். நான் இன்று பேசும் தலைப்பு 160 ஆண்டுப் பழமை உடையது.

இதன் கூர்மை எவ்வளவு என்பதற்கு நம் நாட்டு அறிவியல் வரலாற்றிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1923-இல் கொல்கத்தாவில் சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் கே. ஆர். ராமநாதன், நீர்மங்கள் சிதறடிக்கும் ஒளியில் எதிர்பாராத மங்கலான ஒளி ஒன்றைக் கவனித்தார். நீர்மத்தில் தூசளவு கலப்படம் இருக்கும், அதன் உடனொளிர்வாக இருக்கும் என்றே முதலில் எண்ணினார்கள். திரும்பத் திரும்பத் தூய்மைப்படுத்தினார்கள், ஒளி போகவில்லை. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அந்தத் தேடலில் இணைந்து, 1928-இல் அது கலப்படத்தின் ஒளி இல்லை, சிதறல் ஒளியிலேயே ஒரு புது வகை என்று தெளிந்தபோது அது ராமன் விளைவாயிற்று. அவர்களுடைய முதல் சந்தேகத்தை நான் மிகவும் மதிக்கிறேன். கண்ணுக்கும் தராசுக்கும் அகப்படாத கலப்படம்கூட ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பதை அறிந்தவர்களுக்குத்தான் அந்தச் சந்தேகம் வரும்.

மூலக்கூறு ஒளியை விழுங்கியதும் உடனே உமிழ்ந்துவிடுவதில்லை. இடையில் சில நானோ நொடிகள் காத்திருக்கிறது. ஒரு நானோ நொடி என்பது ஒரு நொடியை நூறு கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு. ஆனால் எலக்ட்ரானுக்கு அது நீண்ட பொழுது. அந்தக் காத்திருப்பில் பக்கத்தில் வேறொன்று வந்து குறுக்கிட்டால் ஒளி வராமலே போகலாம், நிறம் மாறலாம், வராதிருந்த ஒளி வரவும் செய்யலாம். ஒளிரும் பொருளை உணரியாக வடிவமைப்பது என்றால் அந்தச் சில நானோ நொடிகளில் என்ன நடக்கவேண்டும் என்று முன்கூட்டித் திட்டமிடுவதுதான்.

அப்படித் திட்டமிட்டதில் எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு கொழும்பிலிருந்து வந்தது. 1985-இல், அப்போது கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஏ. பிரசன்ன டி சில்வா, ஆந்த்ரசீன் மூலக்கூறு ஒன்றை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒளிரக்கூடிய ஆந்த்ரசீன் ஒரு பக்கம். அமீன் ஒன்று மறுபக்கம். நடுவே ஒரே ஒரு கார்பன் அணு இடைவெளியாக. புற ஊதா ஒளி பட்டதும் ஆந்த்ரசீன் கிளர்ந்தெழுகிறது. ஒளியை உமிழ்வதற்குள் அமீனிடம் தனியே கிடக்கும் எலக்ட்ரான் இணையிலிருந்து ஓர் எலக்ட்ரான் அந்த ஓரணுப் பாலத்தைத் தாண்டி வந்து கிளர்ச்சியைத் தணித்துவிடுகிறது. விளக்கு எரியவில்லை. கரைசலில் அமிலம் சேர்ந்தால் ஒரு புரோட்டான் வந்து அமீனின் எலக்ட்ரான் இணையைப் பற்றிக்கொள்ளும். பாலத்தைத் தாண்ட இனி ஆள் இல்லை. ஆந்த்ரசீன் பளீரென்று நீலமாக ஒளிர்கிறது.

இதன் அழகு பகுத்து வைத்த முறையில் இருக்கிறது. ஒளிர்வது ஒரு பகுதி, பிடிப்பது இன்னொரு பகுதி, இரண்டையும் ஒட்டவிடாமலும் விலகவிடாமலும் வைத்திருப்பது இடைவெளி. பிடிக்கும் பகுதியை மட்டும் மாற்றினால் வேறொன்றைக் கண்டறியலாம். அமீனுக்குப் பதில் சோடியம் அயனி கச்சிதமாக உட்காரும் கிரீட வளையத்தை வைத்தால் சோடியம் வந்ததும் விளக்கு எரியும். பிறகு பெல்ஃபாஸ்ட் சென்ற டி சில்வா, புரோட்டான், சோடியம் அயனி இரண்டும் ஒருசேர இருந்தால்தான் ஒளிரும் மூலக்கூற்றை 1993-இல் செய்துகாட்டி மூலக்கூற்றுத் தருக்க வாயில் என்ற துறைக்கே வித்திட்டார். ரத்தத்தில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் அளக்க மருத்துவமனைகளில் எடுத்துச்சென்று பயன்படுத்தும் கருவிகளுக்குள் இந்தக் கோட்பாட்டில் அமைந்த மூலக்கூறுகள் இருக்கின்றன. வசதி குறைந்த ஆய்வுக்கூடம் என்று நம் மாணவர்கள் மனம் தளரும்போதெல்லாம் அந்தக் கொழும்புக் கட்டுரையை எடுத்துக் காட்டுவேன்.

இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. இருட்டில் ஒளி தோன்றுவதுதான் கூர்மையான உணரி என்று சற்று முன்பு சொன்னேன். டி சில்வாவின் மூலக்கூறு அப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் வெடிமருந்தை மோப்பம் பிடிப்பதில் புகழ்பெற்ற கரிம உணரி இதற்கு நேர் எதிராக வேலை செய்கிறது. நன்றாக ஒளிர்ந்துகொண்டிருக்கும் படலம், வெடிமருந்தின் ஆவி பட்டதும் அணைகிறது. ஆயிரம் விளக்கு மண்டபத்துக்கே திரும்பிப் போவதுபோல அல்லவா இது? பிறகு எப்படி அது அவ்வளவு கூர்மையாக இருக்க முடியும்?

முதலில் ஏன் அணைகிறது என்று பார்ப்போம். டி.என்.டி. என்று நாம் சொல்லும் டிரைநைட்ரோடொலுயீன் தானாக ஒளிராது. அதை ஒளிரவைப்பதும் எளிதில்லை. பென்சீன் வளையத்தில் மூன்று நைட்ரோ குழுக்கள் உட்கார்ந்து எலக்ட்ரான்களைத் தம் பக்கம் இழுத்துவைத்திருப்பதால் அந்த வளையம் எலக்ட்ரானுக்காக எப்போதும் பசித்திருக்கிறது. கிளர்ந்த நிலையில் இருக்கும் ஒளிர்மூலக்கூறு பக்கத்தில் வந்தால் அதன் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும். டி.என்.டி.யின் குணம் பறிப்பது. பறிப்பதை வைத்துத்தான் அதைப் பிடிக்கவேண்டும்.

பறிப்பதற்கு அது வந்து சேரவேண்டுமே என்பதுதான் கடினம். அறை வெப்பத்தில் டி.என்.டி. கட்டியின் மேல் தேங்கிய காற்றில்கூட நூறு கோடி மூலக்கூறுகளுக்கு ஏறத்தாழ 10 அல்லது அதற்கும் குறைவான டி.என்.டி. மூலக்கூறுகளே இருக்கும். ஒரு படலத்தில் கோடிக்கணக்கான ஒளிர்மூலக்கூறுகள் தனித்தனியே ஒளிர்கின்றன என்று வையுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்து ஒட்டும் டி.என்.டி. தான் தொட்ட ஒன்றை மட்டுமே அணைக்கும். மண்டபத்தில் ஓர் அகல் குறையும். எந்தக் கருவிக்கும் தெரியாது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் டிமோதி ஸ்வேகர். அப்போது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்தார், 1996-இல் எம்.ஐ.டி.க்குச் சென்றார். அவரும் ச்சின் ஜோவும் 1995-இல் செய்த வேலை அடிப்படையில் ஒரே ஒரு மாற்றம்தான். தனித்தனி மூலக்கூறுகளை வரிசையாகக் கோத்துவிட்டார்கள். பென்சீன் வளையம், ஒரு முப்பிணைப்பு, மீண்டும் பென்சீன் வளையம், மீண்டும் முப்பிணைப்பு என்று நூற்றுக்கு மேற்பட்ட அலகுகள் நீளும் பாலிமர் சங்கிலி. ஒவ்வோர் அலகிலும் விருந்தாளி வந்து உட்காரத்தக்க ஒரு வளையக் குழி. விருந்தாளியாக அவர்கள் எடுத்துக்கொண்டது நம் உழவர்களுக்குக் களைக்கொல்லியாகவும் மருத்துவர்களுக்குக் கொடிய நஞ்சாகவும் தெரிந்த பாராகுவாட். அதுவும் எலக்ட்ரான் பசி உடையது.

கோயில் திருவிழாவில் முன்பு கட்டிய சீரியல் செட் நினைவிருக்கிறதா? நீளச் சரத்தில் ஏதோ ஒரு குண்டு பல்பு போனால் சரம் முழுக்க இருண்டுவிடும். எந்த பல்பு என்று தேடி எலக்ட்ரீஷியன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். மின்பணியாளருக்குத் தலைவலியாக இருந்த அந்தக் குணம்தான் இங்கே வரம். சங்கிலியின் எந்த இடத்தில் ஒளியை விழுங்கினாலும் அந்தக் கிளர்ச்சி, எக்சிட்டான் என்று அதற்குப் பெயர், அங்கேயே நிற்பதில்லை. ஒற்றைப் பிணைப்பும் பல்பிணைப்பும் மாறி மாறி வரும் அந்தப் பாதையில் முன்னும் பின்னும் உலவுகிறது. தன் சிறு வாழ்நாளுக்குள் பல பத்து அலகுகளைத் தொட்டுப் பார்க்கிறது. வழியில் ஓரிடத்தில் பாராகுவாட் உட்கார்ந்திருந்தால் போதும், அங்கே போய் அணைகிறது. ஒரு விருந்தாளி ஒரு விளக்கை அணைத்த காலம் போய், சரம் முழுவதையும் அணைக்கிறது. ஒற்றை அலகு கொண்ட மாதிரி மூலக்கூறோடு ஒப்பிட்டால் அணைப்பின் வலிமை 60 மடங்குக்கும் மேல் கூடியது. ஒளிரும் அலகும் அதேதான், பிடிக்கும் குழியும் அதேதான். கூடியது ஒன்றே: ஒளி தன் இறுதிக் கணத்துக்கு முன் நடந்துபோக ஒரு வழி.

அப்படியானால் சங்கிலியை இன்னும் நீட்டிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். போகலாம், பயன் இல்லை. எக்சிட்டானுக்கு ஆயுள் ஒரு நானோ நொடிகூட இருக்காது. அது எட்டமுடியாத தொலைவில் இருக்கும் அலகுகள் இருந்தும் இல்லாததுபோல. தவிர, ஒற்றைச் சங்கிலியில் உலவுவதில் இன்னொரு குறை உண்டு. மறதிக்காரர் ஒருவர் ஒரே தெருவில் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனால் என்ன ஆகும்? முன்னும் பின்னும் நடந்து, கொடுத்த வீட்டுக் கதவையே மீண்டும் மீண்டும் தட்டுவார். குறுக்குத் தெருக்கள் நிறைந்த ஊரானால் அதே மறதிக்காரர் புதுப்புது வீடுகளுக்குப் போய்விடுவார். பாலிமரைக் கரைசலில் மிதக்கவிடாமல் மெல்லிய படலமாகப் படியவைத்தால் எக்சிட்டான் பக்கத்துச் சங்கிலிக்கும் மேலடுக்குக்கும் தாவலாம். அடுக்குகள் கூடக்கூட, ஒரு கட்டம் வரை, அது சென்று பார்க்கும் இடங்கள் பெருகுவதை ஸ்வேகர் குழுவினர் 1999-இல் அடுக்கடுக்காகப் படலம் வைத்து அளந்து காட்டினார்கள்.

படலம் என்ற சொல்லைச் சொன்னதும் என் மனம் பழைய இடத்துக்குப் போகிறது. ஆய்வு மாணவனாக இருந்தபோது ஆந்த்ரசீன் சார்ந்த ஒரு பொருளைப் பல மாதம் உழைத்துச் செய்தேன். குடுவையில், புற ஊதா விளக்கின் கீழ், கரைசல் அப்படியொரு நீலமாக ஒளிர்ந்தது. கண்ணாடித் துண்டில் ஊற்றி உலர்த்தினேன். கரைப்பான் ஆவியாக ஆவியாக ஒளியும் போய், மங்கிய பச்சைச் சாம்பல் நிறம்தான் மிச்சம். தட்டையான வளையங்கள் நெருங்கினால் வெற்றிலைக் கவுளிபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். அப்படி அடுக்கானவை தங்களுக்குள்ளேயே கிளர்ச்சியைப் பங்குபோட்டு வெப்பமாக வீணாக்கும். இதை நூலில் படித்திருந்தேன். என் கையால் செய்த பொருள் அப்படி இருண்டதைப் பார்த்தபோதுதான் அது எனக்குப் புரிந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வேறொரு படலத்தை நைட்ரோ சேர்மத்தின் ஆவியில் வைத்து அளந்தபோது ஒளி படிப்படியாகக் குறைந்தது. வரைபடம் அவ்வளவு ஒழுங்காக இருந்தது. கட்டுரை எழுதவும் உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகுதான், வெறும் காற்றில் வைத்த இன்னொரு துண்டை அளந்து பார்க்கத் தோன்றியது. அதுவும் அதே வேகத்தில் குறைந்தது. ஆவி ஒன்றும் செய்யவில்லை. அளப்பதற்காக நான் பாய்ச்சிய விளக்கொளியே படலத்தைச் சிதைத்துக்கொண்டிருந்தது. அணைவதை வைத்து ஒன்றைக் கண்டறிகிறோம் என்றால், அது வேறு காரணத்தால் அணையவில்லை என்று காட்டும் பொறுப்பு முழுக்க நம்முடையது. அதனால் என் மாணவர்கள் எல்லாரும் இரண்டு துண்டுகளோடுதான் அளக்கத் தொடங்குவார்கள்.

படலத்தில் மூலக்கூறுகள் அடுக்காகாமல் இருக்கவேண்டும், ஆனால் எக்சிட்டான் தாவுமளவு நெருங்கியும் இருக்கவேண்டும், நடுவே டி.என்.டி. நுழைய இடமும் வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகத் தீர்த்தது 1998-இல் ஸ்வேகரும் அவர் குழுவைச் சேர்ந்த யாங்கும் வெளியிட்ட பாலிமர். அதற்கு முதுகெலும்பாக அவர்கள் எடுத்தது பென்டிப்டிசீன். இதைப் புரிந்துகொள்ள டிரிப்டிசீனிலிருந்து வரவேண்டும். 1942-இல் பால் பார்ட்லெட் செய்த அந்த மூலக்கூறில் மூன்று பென்சீன் வளையங்கள் மூன்று இறக்கை மின்விசிறிபோல ஒரே அச்சிலிருந்து விரிந்து நிற்கும். மூன்று ஏடு கொண்ட பழைய மேலைநாட்டுச் சுவடியின் பெயரையே அதற்கு வைத்தார். அப்படி இரண்டு விசிறிகள் ஓர் இறக்கையைப் பொதுவாகப் பகிர்ந்துகொண்டால் பென்டிப்டிசீன். அந்தப் பொது வளையம் சங்கிலிக்குள் போகும். மற்ற நான்கும் மேலும் கீழும் விறைத்து நிற்கும்.

வெற்றிலையை அடுக்கலாம், நெருஞ்சி முள்ளை அடுக்க முடியாது. குவித்தாலும் இடையே காற்று இருக்கும். பென்டிப்டிசீன் பாலிமர் படலம் அந்த நெருஞ்சிக் குவியல் மாதிரி. சங்கிலிகள் ஒன்றையொன்று தொட்டு இருளாமல் அந்த இறக்கைகள் தடுக்கின்றன. அவற்றின் இடுக்குகள் டி.என்.டி. நுழையும் வாசல்களாகின்றன. வெறும் 25 ஆங்ஸ்ட்ராம் தடிப்பில், அதாவது மில்லிமீட்டரில் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு தடிப்பில் படியவைத்த படலம், டி.என்.டி. ஆவியில் அரை நிமிடத்துக்குள் ஏறக்குறையப் பாதி ஒளியை இழந்தது. படலத்தைத் தடிமனாக்கினால் வேகம் குறைந்தது. ஆவி உள்ளே ஊடுருவ நேரம் எடுப்பதே காரணம்.

அதே ஆய்வில் ஒரு நுணுக்கம் உண்டு. டி.என்.டி.யைவிட எளிதாக எலக்ட்ரான் ஏற்பதும், அதைவிட மிகுதியாகக் காற்றில் கலப்பதுமான குயினோன், படலத்தை அவ்வளவாக அணைக்கவில்லை. பசி மட்டும் போதாது, வந்து ஒட்டிக்கொள்ளவும் வேண்டும். எலக்ட்ரான் மிகுந்த சங்கிலிக்கும் எலக்ட்ரான் குறைந்த டி.என்.டி. வளையத்துக்கும் இடையிலான ஈர்ப்பே அதைப் படலத்தில் தங்கவைக்கிறது. தேர்ந்தெடுத்துப் பிடிக்கும் திறன் ஒற்றைக் காரணத்தால் வருவதில்லை என்பதை நான் வகுப்பில் இந்த ஒரு சோதனையை வைத்தே விளக்குவேன்.

அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் ஸ்டில்வாட்டரில் இருந்த நோமாடிக்ஸ் நிறுவனம் இந்தப் பாலிமரை ஒரு கண்ணாடி நுண்குழாயின் உட்சுவரில் பூசி, அதன் வழியே காற்றை உறிஞ்சி ஒளியை அளக்கும் கருவியைச் செய்தது. மோப்ப நாயின் மூக்குக்கு இணையான கருவி வேண்டும் என்று அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமை நடத்திய திட்டத்தில் வளர்ந்தது அது. அங்கே நாய்க்கு வைக்கும் செல்லப்பெயரான ஃபிடோ என்பதையே அதற்கும் வைத்தார்கள். பின்னர் ஈராக்கில் ரோபோக்களின் கையில் பொருத்தியும் பயன்படுத்தினார்கள்.

இந்தப் பாதையை இன்னும் கூர்மையாக்க முடியும் என்பதற்கு 2005-இல் ஒரு சான்று வந்தது. எம்.ஐ.டி.யில் விளாதிமிர் புலோவிச், ஸ்வேகர் ஆகியோரின் குழுக்கள் அதே வகைப் பாலிமரை லேசராக இயக்கிப் பார்த்தன. தேர் நகரத் தொடங்கும் கணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடித்த எல்லாரும் சேர்ந்து இழுத்தால்தான் அது அசையும். சிலர் கை தளர்ந்தாலும் நின்றுவிடும். லேசர் ஒளி தொடங்கும் வாசலில் நிற்கும் படலமும் அப்படித்தான். வழக்கமான ஒளியில் கண்ணுக்குத் தெரியாத சிறு இழப்பு அங்கே லேசரையே நிறுத்திவிடும். உணர்திறன் 30 மடங்குக்கு மேல் கூடியதாக அவர்கள் அறிவித்தார்கள்.

ஆய்வுக்கூடத்தை விட்டு மண்ணுக்கு வருவோம். இதைப் பேசும்போது எனக்கு முகமாலைதான் கண்ணில் நிற்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கழுத்துப் பகுதியில், இலங்கை உள்நாட்டுப் போரில் முன்னரங்குகள் மோதிய அந்த நிலம், உலகில் மிகச் செறிவாகக் கண்ணிவெடி புதைந்த இடங்களுள் ஒன்று. மிதிவெடி என்று அங்கே சொல்வார்கள். மண்வாரியால் அங்குலம் அங்குலமாக மண்ணைக் கீறி, உலோகமறியும் கருவியின் ஒலியைக் கேட்டு, பெரும்பாலும் மனிதக் கைகளே அதை அகற்றிவந்திருக்கின்றன. அந்தக் கைகளில் பல, போரில் குடும்பத்தை இழந்த பெண்களின் கைகள். பிளாஸ்டிக் உறையிட்ட மிதிவெடியில் உலோகம் மிகக் குறைவு. சிதறிய தோட்டாவும் துருப்பிடித்த தகரத் துண்டும் அதே ஒலியை எழுப்பும். உலோகத்தைத் தேடாமல் வெடிமருந்தையே தேடும் கருவிக்கு ஏன் இவ்வளவு ஆசைப்படுகிறோம் என்பதை அந்த நிலம் சொல்லும்.

ஆனால் மண் நம் ஆய்வுக்கூடக் குடுவை இல்லை. உறையைத் தாண்டிக் கசிந்து, மண்ணைத் தாண்டி மேலே வரும் ஆவி, நான் சற்று முன் சொன்ன அளவிலிருந்து பல ஆயிரம், சில இடங்களில் பல லட்சம் மடங்கு குறைந்திருக்கும். வருவதிலும் டி.என்.டி.யைவிட அதன் தயாரிப்பில் மிச்சமாகத் தங்கும் டைநைட்ரோடொலுயீனே மிகுதி, அது எளிதில் ஆவியாவதால். காய்ந்த மண்ணின் துகள்கள் இவற்றை இறுகப் பற்றிக்கொள்ளும். மண் நனைந்தால் நீர் மூலக்கூறுகள் அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டு இவற்றை வெளியே தள்ளும். ஆக, வெயில் காய்ந்த நண்பகலில் ஒன்றும் சொல்லாத நிலம், மழைக்குப் பின் பேசக்கூடும். எல்லா வெடிமருந்தும் டி.என்.டி. போலப் பென்சீன் வளையம் உடையதும் இல்லை. ஆர்.டி.எக்ஸ்., பி.இ.டி.என். இரண்டும் அதைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலேயே ஆவியாகும். ஒளிரும் பாலிமரை நன்றாக அணைப்பதும் இல்லை. அவற்றுக்காக ஸ்வேகரும் அவர் குழுவைச் சேர்ந்த ஆண்ட்ரூவும் 2007-இல் இருட்டிலிருந்து ஒளிர்வுக்கு மாறும் வேறொரு வேதிவினையைத் தேடவேண்டி வந்தது. டி சில்வாவின் பக்கம், மின்மினியின் பக்கம் மீண்டும் திரும்பியதாக எனக்கு அது தோன்றுகிறது.

ஈரமான மண்ணே பேசும் என்றால், ஈரத்தில் ஒளிரும் பொருள் வேண்டும். தண்ணீரில் கரிம மூலக்கூறுகள் கரையாமல் ஒன்றாகத் திரளும். திரண்டால் என் ஆந்த்ரசீன் போல இருளும். இதற்கு விடை ஹாங்காங்கிலிருந்து வந்தது. 2001-இல் அங்குள்ள அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பென் சோங் டாங் குழுவினர், சைலோல் வகை மூலக்கூறு ஒன்றைப் பிரித்துத் தூய்மை செய்துகொண்டிருந்தார்கள். மெல்லடுக்குத் தட்டில் இட்ட ஈரப் பொட்டு புற ஊதா விளக்கில் தெரியவே இல்லை. கரைப்பான் உலர்ந்ததும் அதே பொட்டு பளிச்சென்று ஒளிர்ந்தது. தட்டில் ஏதோ பிழை என்று தூக்கி எறிந்திருக்கலாம். அவர்கள் எறியவில்லை.

அந்த மூலக்கூறு தட்டையானது இல்லை. மைய வளையத்தைச் சுற்றி பென்சீன் இறக்கைகள் காற்றாடிபோல ஒற்றைப் பிணைப்பில் தொங்குகின்றன. கரைசலில் அவை தாராளமாகச் சுழன்று கிளர்ச்சியைச் சுழற்சியிலேயே செலவழித்துவிடும். நெருக்கித் திரட்டினால் சுழல இடமில்லை. வளைந்த உடல்கள் அடுக்காகவும் முடியாது. மிச்சமிருக்கும் ஒரே வழி ஒளியாக வெளியேறுவது. திரண்டால் ஒளிர்தல் என்று இன்று ஒரு துறையே இதன்மேல் வளர்ந்திருக்கிறது. இவ்வகைத் திரள்கள் தண்ணீரிலேயே ஒளிர்ந்து, நைட்ரோ சேர்மம் பட்டால் அணைவதைப் பல ஆய்வகங்கள் செய்துகாட்டியுள்ளன. அவை முகமாலை மண்ணுக்குப் போகும் நாள் வந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். மண்வாரியைப் பிடித்திருக்கும் பெண் தன் காலை அடுத்து எங்கே வைக்கலாம் என்பதற்கு உறுதி கேட்கிறாள். நூற்றுக்குத் தொண்ணூறு என்ற விடை அவளுக்குப் பயன்படாது. நாங்கள் செய்யவேண்டியது அவ்வளவு இருக்கிறது.

முன்மேசையில் இரண்டு சிறு குடுவைகள் வைத்திருக்கிறேன். இரண்டிலும் டெட்ராஃபினைல்எத்திலீன், நான்கு இறக்கை கொண்ட எளிய காற்றாடி மூலக்கூறு, கரிமக் கரைப்பானில் கரைந்திருக்கிறது. பார்ப்பதற்கு இரண்டுமே வெறும் தண்ணீர்போல. ஒன்றில் மட்டும் இப்போது தண்ணீர் சேர்க்கப்போகிறேன். மற்றது ஒப்பிடுவதற்காக அப்படியே இருக்கட்டும். பின்வரிசையில் இருப்பவர்கள் முன்னால் வந்துவிடுங்கள். கதவோரம் இருப்பவர்கள் அரங்க விளக்குகளை அணைத்துவிடுங்கள்.